மாட்டுப்பட்டியில் இடமில்லை

ருவான்வெல்லை பஸாரிலிருந்து மேலே ஏறினால் வரும் ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிஷனில், கிருஷ்ணகுமாரி வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். "யாரு, நாய்க் குமாரியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கோபம் இல்லை. விடியற்காலையில் கத்தியும் வாளியுமாக ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவள், மத்தியானத்துக்குப் பிறகு பொழுது சாயும்வரை நாய்களோடு கிடக்கிறவள். வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அது தொடங்கியது தொண்ணூற்று மூன்றில். தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன புதிது. தோட்டத்தை நடத்திய பழைய துரை பங்களாவைக் காலி செய்தபோது பசுக்களை விற்றார், கட்டில் மேசைகளை லொறியில் ஏற்றினார், இரண்டு நாய்களை மட்டும் சங்கிலியோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். புதுத் துரை வரத் தாமதமானது. பங்களாவுக்குக் கீழே நின்ற மரங்கள்தான் குமாரியின் பங்கு. வெட்டும்போதெல்லாம் மேலேயிருந்து ஊளை கேட்டது. முதலில் இரண்டு குரல். பிறகு ஒரே குரல். அவள் வாளியை மரத்தடியில் வைத்துவிட்டு ஏறிப் போய்ப் பார்த்தாள். ஒன்று சங்கிலியிலேயே செத்து உப்பிக் கிடந்தது. மற்றது அதன் பக்கத்தில், எழுந்திருக்கத் தெம்பில்லாமல், அவள் கையில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை நக்கியது.

அதைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்தாள். அவளுக்கும் கணவர் கன்னையாவுக்கும் வளர்ந்த மகளுக்கும் இருந்தது ஒரே காம்பரா. பாய் விரித்தால் நடக்க இடம் இருக்காது. கன்னையா நாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் பாயைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவர் சுபாவம் அப்படி.

துரையின் பசுக்கள் போன பிறகு தோட்டத்து மாட்டுப்பட்டி சும்மா கிடந்தது. அவள் பெரிய கிளாக்கரிடம் போனாள்.

"ஐயா, அந்த மாட்டுப்பட்டியில ஒரு நாயக் கட்டிக்கவா?"

"கட்டிக்க. தொரை கேட்டா நான் ஒண்ணும் சொல்லல்ல, ஆமா."

ஒரு நாய்க்கென்று வாங்கிய அந்த அனுமதியிலேயே வருஷங்கள் ஓடின. செய்தி தானாகப் பரவியது. லொறியில் அடிபட்டது, குட்டி போட்டுவிட்டுத் தாய் செத்தது, கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப் போன பூனை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பஸாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அப்துல் ரஸாக் நானா, மிஞ்சிய சோற்றையும் எலும்பையும் ஒரு வாளியில் எடுத்து வைப்பார். நாயைத் தொடாத மனிதர்தான். ஆனால் குமாரி ஒருநாள் வரத் தாமதித்தால், "புள்ளைக்குச் சொகமில்லையோ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரிப்பார்.

சோறு கிடைத்தது. இடம்தான் கிடைக்கவில்லை. மாட்டுப்பட்டி என்பது ஒரு நீளமான சிமெந்துத் தரை, நடுவில் கழிவுநீர் ஓடும் ஒரு கான், தலைக்குமேல் தகரம். கடைசியில் இரண்டு சிறிய தடுப்புகள்: ஒன்று தீவன அறை, மற்றது கன்றுக் கொட்டில். மழை பிடித்தால் தகரம் பாதிப் பக்கம் ஒழுகும். அத்தனை நாய்களும் ஒழுகாத பக்கத்துக்கு வந்து நெருக்கியடிக்கும். நெருக்கத்தில் ஒன்றின் மூச்சு மற்றதன் மேல் பட்டாலே சண்டை. கிழடுகள் மூலையில் மாட்டிக்கொண்டு கடிபடும். பருவத்துக்கு வந்த பெட்டையைத் தீவன அறையில் அடைக்க வேண்டுமென்றால், அங்கே இருக்கிற சொறி நாயை வெளியே எடுக்க வேண்டும். சொறி நாயை வெளியே விட்டால் அது மற்றவற்றோடு உரசாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பூனைகள் மட்டும் கெட்டிக்காரத்தனமாகக் கூரை வளைகளின் மேலேயே குடித்தனம் நடத்தின.

இந்த நெருக்கடியிலும் அவள் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்திருந்தாள். புதிதாக வரும் எதுவும் முதலில் கன்றுக் கொட்டிலில்தான் இருக்க வேண்டும். தின்கிறதா, கழிகிறதா, மேலில் புண் உண்டா என்று நன்றாகப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுவாள். ஒரு வருஷம் அப்படிப் பார்க்காமல் விட்ட குட்டியொன்று நோயைக் கொண்டுவந்து பாதி நாய்களை வாரிக்கொண்டு போயிருந்தது. அதிலிருந்து கன்றுக் கொட்டிலை அவள் ஆஸ்பத்திரி மாதிரி கழுவி வைத்திருப்பாள்.

பிறகு தீவன அறை போயிற்று. உர மூட்டை அடுக்க இடமில்லையென்று ஒருநாள் தோட்டத்தார் வந்து பூட்டுப் போட்டார்கள். மாட்டுப்பட்டி அவளுடைய சொத்தில்லை. என்ன சொல்ல முடியும்?

இரண்டாயிரத்து ஒன்றில் கன்றுக் கொட்டிலும் போயிற்று. ஆனால் அதை யாரும் பிடுங்கவில்லை. அவளே கொடுத்தாள்.

கன்னையாவின் தம்பி சுதாகரன் கலியாணம் முடித்து, இருந்த ஒரே காம்பராவில்தான் அவர்களோடு குடியிருந்தான். குமாரியின் மகள் அதற்கு முன்பே வரக்காப்பொலைக்கு வாக்கப்பட்டுப் போயிருந்தாள். நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் சுதாகரனும் ஷாமிளாவும், இந்தப் பக்கம் இவர்கள். ஷாமிளாவுக்குக் குழந்தை பிறந்தது. அடுப்புப் புகையில் பச்சைப்பிள்ளை இருமிக்கொண்டே கிடந்தது. புதுக் காம்பரா கேட்டு ஆபிஸுக்கு நடந்து நடந்து சுதாகரன் அலுத்துப்போனான்.

"கன்னுக் கொட்டில எடுத்துக்கங்க" என்றாள் குமாரி ஒருநாள். "சுண்ணாம்பு அடிச்சுத் தர்றேன். தனி வாசலும் இருக்கு."

கன்னையா அவளைத் தனியே கூப்பிட்டார். "புதுசா வர்ற நாய எங்க வைப்ப?"

"இனிமே புதுசா எடுக்கப் போறதில்லங்க."

சொன்னபடியே செய்யப் பார்த்தாள். ஒரு பலகையில், இங்கே இடமில்லை, நாய் பூனை விட வேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாசலில் அடித்தாள். அப்படியும் விட்டார்கள். அதுவரை யாரையும் கடிந்து பேசாதவள் ஏச ஆரம்பித்தாள். பக்கத்து லயத்து ஏழுமலையின் பெண்சாதி இரண்டு பூனைக்குட்டிகளை விட்டுப் போனாள் என்று தெரிந்ததும், பால் நிறுக்கும் மடுவத்தில் எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். அதற்குப் பிறகு விடுகிறவர்கள் முகம் காட்டாமல் விட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அப்படித்தான் அந்த யூரியாப் பை வந்தது.

பால் வெட்டிவிட்டு வந்தபோது மாட்டுப்பட்டிக் கதவில் தொங்கியது. வாயைக் கயிற்றால் தளர்வாகக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தால், உள்ளே செம்பட்டை நிறத்தில், நாலு காலும் வெள்ளையாக ஒரு ஆண் குட்டி. அவள் பாதையைப் பார்த்தாள். யாரும் இல்லை. யாரென்று தெரியாமலே கொஞ்ச நேரம் ஏசித் தீர்த்தாள். பிறகு குட்டியைத் தூக்கிப் பார்த்தாள். வயிறு ஒட்டியிருந்தது. மடியில் வைத்ததும் தூங்கிப்போயிற்று.

எங்கே வைப்பது? கன்றுக் கொட்டில் வாசலில் குழந்தைத் துணி காய்ந்தது. ஒரு தகரப் பீப்பாயைச் சுவரோடு சாய்த்து, பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து, மூலையில் அதற்கு இடம் ஒதுக்கினாள். அடுத்த நாள் வந்து பார்த்தபோது பலகை விழுந்து கிடந்தது. குட்டி பெரிய நாய்களின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. பலகையை நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை அவள் நிமிர்த்தவில்லை.

ஒரு வாரம் குட்டி நன்றாகத்தான் இருந்தது. ஷாமிளா அதற்குத் தேங்காய்ப்பூப் போட்டுச் சோறு பிசைந்து வைப்பாள். பிறகு அது சோற்றை மோந்துவிட்டு நகர்ந்தது. குரைப்பு மாறியது, தொண்டை கட்டிய கிழவனின் இருமல் மாதிரி ஒரு சத்தம். சுவரைப் பார்த்துக் குரைத்தது. பீப்பாயின் விளிம்பைக் கடித்து வாயைக் கிழித்துக்கொண்டது. எதிரில் வந்த நாய்களையெல்லாம் கவ்வியது. குமாரி கோணியைப் போட்டு அதைப் பிடித்துப் பீப்பாய்க்குள் அடைத்தாள். நீரொழுகும் வாயோடு பின்னங்கால்களை இழுத்து இழுத்து, மறுநாள் மத்தியானம் அது செத்துப்போயிற்று.

"வெசம் எதயாச்சும் தின்னிருக்கும்" என்றார் கன்னையா, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு.

அந்த நேரம் தோட்டத்து டிஸ்பென்சரியின் மருந்தையா சிவம் அந்தப் பக்கமாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். செத்துக் கிடந்த குட்டியைத் தள்ளி நின்று பார்த்தார். எப்படிச் செத்தது என்று கேட்டார். குமாரி சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"இதைக் குழியில தாட்டுப் போடாதேங்கோ, கன்னையா. ஒருத்தரும் தொடவும் வேண்டாம்."

"ஏங்கய்யா?"

"தலையைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேணும். எனக்கென்னவோ இது விசர் போலத்தான் கிடக்கு."

குமாரிக்கு முதலில் அந்தச் சொல் காதில் ஏறவில்லை. வெறிநோய் என்று விளங்கியதும் அவள் தன் கைகளைப் பார்த்தாள். ரப்பர்க் கத்தி கீறிய பழைய கீறல்கள், புதுக் கீறல்கள். அந்தக் கைகளால்தான் குட்டியின் வாயைத் துடைத்துவிட்டிருந்தாள்.

சிவம் ஐயா கையுறை போட்டுக்கொண்டு தலையை வெட்டினார். அவள் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ரஸாக் நானா கடையிலிருந்து ஐஸ் வந்தது. பொலித்தீனில் சுற்றி, ஐஸுக்கு நடுவில் வைத்து, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் போட்டு ஒட்டினார்கள். "நான் கொண்டு போறேன்" என்றாள் குமாரி. கன்னையா வருகிறேன் என்றதற்கு, மற்ற நாய்களை யார் பார்ப்பது என்று கேட்டாள்.

கொழும்பு பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண், பெட்டியைப் பார்த்துச் சிநேகமாக, "மாளுத?" என்று கேட்டாள். மீனா என்று.

"ஔ" என்றாள் குமாரி. ஆமாம்.

அவிசாவளை தாண்டியதும் ஐஸ் உருகிப் பெட்டியின் ஓரத்திலிருந்து சொட்டத் தொடங்கியது. சேலை நனைந்து தொடையில் குளிர் ஏறியது. அவள் கையால் துடைத்தாள். துடைத்த பிறகுதான் அது என்ன தண்ணீர் என்று நினைப்பு வந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எதிலும் படாமல் அதை முன்னால் நீட்டிப் பிடித்தபடியே கொழும்புவரை போனாள். பக்கத்துப் பெண் இரண்டு தடவை அவளைப் பார்த்துவிட்டு, எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

சோதிக்கும் இடத்தில் இருந்தவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு, அவளைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னார்கள். முடிவைச் சொல்ல ஒரு டெலிபோன் இலக்கம் கேட்டார்கள். ரஸாக் நானா கடை இலக்கத்தைக் கொடுத்தாள். பிறகு அங்கிருந்த டாக்டர் அம்மா சிங்களத்தில் கேட்டார்: "இந்தக் குட்டி எங்கேயிருந்து வந்தது?"

"தெரியாது. யாரோ பையில் கட்டிவிட்டுப் போனார்கள்."

"அப்படியென்றால் அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். உங்களுக்கு முன்னால் அதைத் தூக்கினவர் அவர்தான். கடிபட்டிருந்தால் அவருக்குத்தான் நேரம் குறைவு."

திரும்பி வந்த அன்றே லயம் லயமாக ஏறி இறங்கினாள். குட்டி விட்டது யார் என்று கேட்டதும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நாங்க ஏன் ஒங்க வாசலுக்கு வர்றோம்" என்றாள் ஒருத்தி. ஏழுமலையின் பெண்சாதி கதவைத் திறக்கவே இல்லை. உள்ளேயிருந்து, "நாங்க விடல்ல. இன்னொருக்கா மடுவத்துல வச்சு மானத்த வாங்காதீங்க" என்று குரல் மட்டும் வந்தது.

"ஏசுறதுக்குக் கேக்கல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லத்தான் கேக்குறேன்."

நம்பவில்லை. கதவு மூடியபடியே இருந்தது. குமாரி அந்த வாசலில் நின்றாள். யாரோ ஒருத்தர் இந்தத் தோட்டத்தில் கடிவாயோடு நடமாடுகிறார். அவளுடைய ஏச்சுக்குப் பயந்து அதை மறைக்கிறார். இந்த நினைப்பு வந்ததும் அவளால் அடுத்த வாசலுக்குப் போக முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மாட்டுப்பட்டிக்குக் கீழே ஒரு திரீவீலர் வந்து நின்றது. அதிலிருந்து ரஸாக் நானா இறங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் தோட்டத்துக்குள் வந்ததே இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

"புள்ள, கொழும்புல இருந்து கோல் ஒன்டு வந்திச்சி" என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "குட்டிக்கு விசர் இரிக்கிதாம். தொட்ட எல்லாரையும் இன்டைக்கே ஊசி போடச் சொல்றாங்க. திரீவீலர நிப்பாட்டித்தான் வச்சிரிக்கன்."

குமாரி கன்றுக் கொட்டிலுக்கு ஓடினாள். ஷாமிளா குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளயத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். அந்தக் குட்டிக்கு வெறியாம். நீ சோறு வச்சியே, கையில கிய்யில பட்டிருக்கும்."

ஷாமிளா எழுந்திருக்கவில்லை. கையில் சட்டை அப்படியே நின்றது.

"அக்கா" என்றாள். மறுபடியும், "அக்கா, அது புள்ளயோட பாதத்த நக்கிக்கிட்டு இருக்கும். தெனம். நான் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்தேன்."

"சரி. அதுக்குத்தான் ஊசி. எந்திரி."

"அக்கா, அத அவருதான் கொண்டாந்தாரு."

குமாரிக்கு விளங்கவில்லை. "யாரு?"

"அவருதான். குழியில இருந்து."

சுதாகரன் இரத்தினபுரிப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில் மண் அள்ளுகிறவன். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான். குழிக் கொட்டிலில் நின்ற ஒரு தாய் நாய் ஆட்களைக் கடிக்க வந்ததென்று அடித்துக் கொன்றிருக்கிறார்கள். அதன் குட்டிகளில் இது ஒன்றுதான் மிஞ்சியது. பாவமென்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். வாசல்வரை வந்தவனுக்கு உள்ளே கொண்டுவர வாய் வரவில்லை. அண்ணி இருந்த ஒரே கொட்டிலையும் நமக்குக் கொடுத்துவிட்டு ஊரெல்லாம் ஏசிக்கொண்டு திரிகிறார், நானே இன்னொன்றைக் கொண்டுவந்தால் எந்த முகத்தோடு கொடுப்பது என்று கதவிலேயே கட்டித் தொங்கவிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கன்றுக் கொட்டிலுக்குள் போய்விட்டான்.

"அவனக் கடிச்சிச்சா?"

"பைக்குள்ள போடக்குள்ள பெருவெரல்ல. லேசாத்தான், துணி சுத்தியிருந்தாரு. யாரு கேட்டாலும் சொல்லாதன்னு..." ஷாமிளா குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

குமாரிக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. ஊரெல்லாம் தேடிய ஆள், தான் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறான். எத்தனை வாசலில் கேட்டாள். இந்த வாசலில் கேட்கத் தோன்றவே இல்லை.

கன்னையா அப்படியே, வேலைக்குப் போட்டிருந்த சாரத்தோடு, தம்பியைக் கூட்டிவர இரத்தினபுரிக்கு பஸ் ஏறினார். குமாரியும் ஷாமிளாவும் குழந்தையும் சிவம் ஐயாவும் ரஸாக் நானாவின் திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று குமாரி பயந்துகொண்டிருந்தாள். அதெல்லாம் அந்தக் காலம் என்று நர்ஸ் கையில் போட்டாள். குழந்தைக்குப் போடும்போது அது வீரிட்ட சத்தத்தில் ஷாமிளா வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையைப் பிடித்திருந்தது குமாரிதான்.

அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. மாத்தயா வந்தார். கூடவே மிருக வைத்தியர் ஒருவரும். கன்னையா இன்னும் திரும்பியிருக்கவில்லை. மாத்தயா நல்ல மனிதர்; வருஷா வருஷம் தோட்டத்துக்கு வந்து நாய்களுக்கு ஊசி போடுகிறவரும் அவர்தான். மாட்டுப்பட்டிக் கதவில் நின்று உள்ளே பார்த்தார். நெருக்கியடித்துக்கொண்டு அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன.

"நங்கி," என்றார் சிங்களத்தில், தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக. "ஊசி போட்ட நாய்களை வைத்துக்கொள்ளலாம். இன்னொரு ஊசி போட்டு, மாசக்கணக்கில் வெளியே விடாமல் பூட்டி வைக்க வேண்டும். ஊசி போடாததை வைத்துக்கொள்ள முடியாது. குட்டி எதைக் கடித்தது, எதைக் கடிக்கவில்லை என்று உன்னால் சொல்ல முடியுமா?"

முடியாது. எல்லாம் ஒரே கூட்டமாகக் கிடந்தன.

"ஊசி போட்டவற்றுக்குக் கழுத்தில் சிவப்பு நாடா கட்டினோமே. எங்கே?"

"இடித்துக்கொண்டு கிடக்கிறதில் ஒன்றின் நாடாவை மற்றது கடித்துப் பிய்த்துவிட்டது, மாத்தயா."

அவர் தலையை ஆட்டினார். "அப்படியென்றால் எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது. நீ சொல்கிறதைத்தான் நாங்கள் நம்ப வேண்டும்."

எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் போய்விடுவார்கள். அவர் அதைத்தான் எதிர்பார்க்கிறாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கன்றுக் கொட்டில் வாசலில் ஷாமிளா நின்றாள். அவள் தோளில் குழந்தை, ஊசி போட்ட வலியில் சிணுங்கிக்கொண்டே தூங்கியது. அதன் பாதம் ஷாமிளாவின் கையில் இருந்தது. அவள் அதைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

குமாரி கையை நீட்டினாள்.

இந்த வருஷ ஊசிக்குப் பிறகு வந்த பெட்டை, அதன் குட்டிகள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த கிழட்டு நாய். ஒவ்வொன்றாகக் காட்டினாள். காட்டக் காட்ட மிருக வைத்தியர் வெளியே கொண்டுவந்தார். கடைசியில் சூட்டி என்ற நாய் இருந்தது. மூன்று கால்தான் அதற்கு. ஊசி போட வந்த அன்றைக்கு ஆட்களைக் கண்டு பயந்து கானுக்குள் புகுந்துகொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். இப்போது அவள் கை நீண்டதும், தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, வாலை ஆட்டிக்கொண்டு நொண்டி நொண்டித் தானாகவே வந்தது.

"இதுவுமா?" என்று கேட்டார் மாத்தயா. சூட்டியை அவருக்கும் தெரியும்.

"இதுக்கும் போடல்ல" என்றாள் தமிழில். அந்த நேரத்தில் சிங்களம் வரவில்லை.

ஒவ்வொன்றையும் அவளே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வைத்தியர் தடித்த கையுறையும் கோணியும் கொடுத்திருந்தார். அந்தக் கடைசி ஊசி ஏறியதும் தலை மெதுவாகக் கனத்து அவள் தொடையில் சாயும். சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேலைக்காரர்கள் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். எல்லாம் முடிந்து எழுந்தபோது அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. மாட்டுப்பட்டிக்குள் திரும்பிப் பார்த்தாள். தரை பாதி காலியாகக் கிடந்தது. மிஞ்சிய நாய்கள் ஒன்றையொன்று தொடாமல் தாராளமாகப் படுத்திருந்தன. இத்தனை வருஷமாக அவள் வேண்டியது இந்த இடத்தைத்தான். கதவைச் சாத்திவிட்டுக் கானோரத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று பின்னேரம் கன்னையா தம்பியோடு வந்து சேர்ந்தார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், கடிவாயைச் சுற்றிப் போடும் மருந்தும் ஊசியும் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். சுதாகரனின் பெருவிரலில் காயம் ஆறியே போயிருந்தது. குழியில் தாய் நாய் யார் யாரையோ பிறாண்டியிருந்ததாம். கன்னையா சொன்ன பிறகு குழி முதலாளி எல்லாரையும் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு வயசாளி மட்டும் தனக்கு ஒன்றுமில்லையென்று சிரித்துக்கொண்டு ஏற மறுத்துவிட்டாராம். அவருக்கு என்ன ஆனதென்று கன்னையாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கப் போகவும் தைரியம் வரவில்லை.

சுதாகரன் அவள் எதிரில் வந்து நிற்கவே பல நாள் ஆயிற்று. ஊசிகள் எல்லாம் முடிந்து, ஷாமிளாவும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒருநாள், அவள் சோற்று வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் குந்தினான்.

"அண்ணி, நீங்க என்ன ஒரு வார்த்தகூட ஏசல்ல."

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "நான் ஏசினதாலதானே தம்பி நீ ஒளிச்ச."

"நாங்க கொட்டில விட்டுர்றோம். அது இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்காது."

"எங்க போவ? பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு மறுபடி அந்தப் பொகைக்கா? இருங்க. நான் வேற வழி பாக்குறேன்."

வழி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கன்னையா வெட்டிப் போட்ட ரப்பர் மரத்துண்டுகளையும் பழைய தகரத்தையும் வைத்து, கானுக்கு அப்பால் ஒரு சின்னக் கூடு அடித்தார். ஒரு பிராணிக்கு மட்டும் இடம். வாசல் பலகையை அவளே கழற்றி அடுப்பில் வைத்தாள். யார் எதைக் கொண்டுவந்தாலும் முகத்துக்கு நேரே வரலாம், எங்கேயிருந்து வந்தது, கடித்ததா என்பதை மட்டும் மறைக்கக் கூடாது என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னாள். முதலில் ஏழுமலையின் பெண்சாதியிடம்தான் போனாள். மடுவத்தில் வைத்து ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

கூடு காலியாக இல்லாதபோது இல்லையென்று சொல்ல அவள் கற்றுக்கொண்டாள். அது சுலபமாக இருக்கவில்லை. பஸாரிலிருந்து மஹ்மூதா என்ற தையல்காரப் பெண் கால் ஒடிந்த பூனையொன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கூட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது.

"எடமில்ல" என்றாள் குமாரி.

"இத எங்க கொண்டு போறது நான்?"

"ஒங்க வீட்டுலயே ஒரு பெட்டியில வச்சுக்கங்க. நான் தெனம் வந்து பாத்துக்கிறேன்."

மஹ்மூதா முறைத்துக்கொண்டே போனாள். குமாரி சொன்னபடி தினமும் போனாள். மருந்து போட்டாள், காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினாள். கால் கூடிய பிறகு பூனையை யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, "இது இப்ப மெசினுக்கு மேல ஏறித் தூங்காட்டி எனக்குத் தைக்கேலாது" என்றாள் மஹ்மூதா.

அதன் பிறகு அப்படியே பல வீடுகள் சேர்ந்தன. ஒரு லயத்துப் பின்வாசலில் ஒரு பெட்டி, ஒரு கடையின் பின்கட்டில் ஒரு கோணி. மாட்டுப்பட்டியில் நாய்கள் கூடவில்லை. கிழடுகள் ஒவ்வொன்றாகப் போயின. இரண்டாயிரத்து எட்டில் தோட்டத்தார் அந்த இடத்தை ரப்பர் நாற்று மேடைக்கு எடுத்துக்கொண்டபோது அங்கே மிஞ்சியிருந்தவை நாலைந்துதான். சுதாகரனுக்கு அதற்கு முன்பே மேல் லயத்தில் ஒரு காம்பரா கிடைத்திருந்தது. அந்த நாலைந்தையும் அவனும் ஷாமிளாவும்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். குழந்தையாக இருந்தவள் அப்போது பள்ளிக்கூடம் போகிறவள். ஒரு நாயின் சங்கிலியை அவள் பிடித்துக்கொண்டாள்.

பால் வெட்டி முடிந்த மத்தியானங்களில் குமாரி இப்போது வாளியோடு வீடு வீடாகப் போகிறாள். ஊசி போடுகிறவர்கள் வரும் வாரத்தில் மட்டும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நாயும் தப்பிவிடாமல் ஒவ்வொரு வாசலாக நின்று, கட்டிலுக்கு அடியிலும் கானுக்குள்ளும் குனிந்து பார்த்து, கூப்பிட்டு வராததைத் தானே ஊர்ந்து போய் இழுத்து வருவாள். முழங்கை சிராய்த்து இரத்தம் வரும். "அடுத்த வருசம் பாத்துக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே கையை நீட்டுவாள்.